எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு வலி!

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க டாக்டர், ஆனா குனிஞ்சா உயிர் போகுது!" சேக்காடு, பட்டாபிராம் பக்கமிருந்து வரும் இல்லத்தரசிகள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் அதில் தெரியாது. 'லிகமென்ட்' என்பது இவற்றைத்தான்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். அவற்றின் முன்புறம் அகலமான, பலமான ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. பின்புறப் பட்டையோ இடுப்புக்கு வரும்போது குறுகிவிடுகிறது. டிஸ்க் பெரும்பாலும் பின்பக்க ஓரமாகப் பிதுங்கி, கால் நரம்பை அழுத்த இதுவும் ஒரு காரணம்.

நரம்புகள் இறங்கும் குழாயின் பின்சுவரில் ரப்பர் போல இழுபடும் மஞ்சள் நார் உண்டு. வயதாக ஆக இது தடித்துக் குழாயைக் குறுக்கலாம். அப்போது கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுக்கும்; முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும்.

கோலம் போடும் நேரம்

குனியத் தொடங்கும்போது முதுகுத் தசைகள் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. முழுக்கக் குனிந்துவிட்டால் தசைகள் ஓய்ந்து, பாரம் நார்கள்மேல் விழும். அப்படியே பத்து, இருபது நிமிடம் இருந்தால் நார்கள் தளரும். நிமிர்ந்தவுடன் பழைய நிலைக்கு வராது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் 'பிடித்துக்' கொள்ளும்.

விடிகாலையில் ஆபத்து இன்னும் அதிகம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் நார்கள் விறைப்பாக இழுபடும். நாம் செய்வதென்ன? எழுந்ததும் வாசல் பெருக்கிக் கோலம்!

கோலத்தை விடச் சொல்லவில்லை. முதலில் பாலைக் காய்ச்சுங்கள், காபி குடியுங்கள், வீட்டுக்குள் நடமாடுங்கள். பிறகு வாசலுக்குப் போங்கள். இரண்டு வரிசைக்கு ஒருதரம் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து லேசாகப் பின்னால் சாயுங்கள். குடத்தை முழங்கால் மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

வலி வந்துவிட்டால்?

சித்த மருத்துவம் இதை வாதக் கோளாறு என்கிறது. நொச்சி இலை ஒத்தடம் இதம் தரும். நாள் கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடமாடுங்கள். 'கால் முன்னாடி பிறந்தவர் மிதிச்சா சரியாயிடும்' என்று முதுகைக் காட்டாதீர்கள்.

சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ ஒத்தடம், தைலம் எதுவும் வேண்டாம். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.