வெட்டி எடுத்த பின்னும் மருத்துவம் எதற்கு?

எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறிக்குழியில் காலை விட்டு மிதிப்பவர்களுக்கு உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது? எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி இருந்தது. முள் தைத்த வடு என்று பாட்டி அதை விட்டுவிட்டார். அது அகன்று நீர் கசிந்த பிறகே மருத்துவரிடம் போனார். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள், புண்ணும் ஆறியது. "அதான் வெட்டியாச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் பாட்டி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு படித்துப் பார்த்தோம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களில் தோன்றுவது மெலனோமா. வெள்ளைத் தோலினருக்கே இது மிகுதி. நம்மவருக்கு அரிது, வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது.

நோய் செல்கள் நிணநீர் வழியே நகரக் கூடியவை. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமல்லவா? அதே வழிதான். ஆகவே அங்குள்ள நிணநீர்க் கணுவையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். கட்டி மெல்லியதாக இருந்து அறுத்து எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தொடர்ந்த கண்காணிப்பே போதும். கணுவில் நோய் இருந்தாலோ, கட்டி ஆழமாக இருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்களை அழிக்கக் கூடுதல் சிகிச்சை தேவைப்படலாம்.

முன்பு இன்டர்பெரான் ஊசி போட்டார்கள்; காய்ச்சலும் சோர்வும் வாட்டும். இன்றைய மருந்துகளின் கதை வியப்பானது. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு பிரேக் போன்ற ஓர் அமைப்பு உண்டு. புற்றுநோய் செல் தந்திரமாக அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பிவிடுகிறது. அதை விடுவிக்கும் வழியைக் கண்டதற்காகவே ஜேம்ஸ் ஆலிசனும் டசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்துகளை இரத்தக் குழாய் வழியே சில வாரங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஓராண்டு ஏற்றுகிறார்கள். நோய் திரும்பி வருவதை இவை குறைக்கின்றன. வரவே வராது என்று யாரும் சொல்வதில்லை. பிரேக் விட்ட வெள்ளணுக்கள் சிலருக்குக் குடலையும் தைராய்டையும் ஈரலையும் தாக்கும். அப்போது வயிற்றுப்போக்கை மோர் குடித்துச் சமாளிக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பி-ராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்னும் மாத்திரைகளும் உண்டு. உள்ளங்காலில் வரும் வகையில் அம்மாற்றம் குறைவு.

பாட்டியின் கணுவில் நோய் இருந்தது. மருந்தின் விலையைக் கேட்டு அவர் மகன் திகைத்து நின்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்குச் சோதனைத் தாள்களுடன் போய்க் கேட்டுவர இப்போது புறப்படுகிறார்கள். தறி நின்றுபோகுமே என்பதுதான் பாட்டியின் கவலை.