பட்டியில் திடீரென ஆடு செத்தால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நேற்று வரை நன்றாக மேய்ந்த ஆடு விடிகாலையில் பட்டியில் செத்துக் கிடந்தால், கொங்குப் பகுதியில் முதலில் எழும் பேச்சு, "பூச்சி தீண்டியிருக்கும்" என்பதுதான். இருக்கலாம். ஆனால் வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த ரத்தம் உறையாமல் கசிந்திருந்தால் அடைப்பான் நோயை, அதாவது ஆந்த்ராக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டிக் காட்டில் ஒரு பெண் யானையைக் கொன்றது இந்த நோய்தான்.

"சித்திரை வெயிலுக்கு எந்தக் கிருமியும் தாங்காது" என்பார்கள். பல கிருமிகள் தாங்குவதில்லை என்பது மெய்தான். ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவோ செத்த உடலைவிட்டு வெளியேறிக் காற்றுப் பட்டதும் ஸ்போர் என்ற உறங்குநிலை வடிவமாக மாறுகிறது. டி.என்.ஏ.வைப் புரதங்களால் போர்த்திக்கொள்ளும்; உள்ளிருக்கும் நீரில் பெரும்பகுதியை வெளியேற்றும்; ஒரு கால்சியம் உப்பை நிரப்பிக்கொண்டு, மேலே அடுக்கடுக்காக ஓடு கட்டிக்கொள்ளும். அதன்பின் உணவும் வேண்டாம், நீரும் வேண்டாம். இந்த வாழ்க்கைச் சுழற்சியை ராபர்ட் கோக் 1876-லேயே விளக்கிவிட்டார். 1942-ல் ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் பிரிட்டன் ஆந்த்ராக்ஸை ஆயுதமாகச் சோதித்தது. 1986-ல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து மண்ணை நனைத்த பிறகே, 1990-ல் அந்தத் தீவு பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது. மழையும் பனியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யாததை நம் ஊர் வெயில் ஒரு கோடையில் செய்துவிடாது.

அப்படியானால் ஸ்போர் செத்ததற்குச் சமம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் தவறு. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் குரோல் சூயெல் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. சுற்றிலும் சத்து தென்படும் ஒவ்வொரு முறையும் ஸ்போர் தன்னுள் சேர்த்து வைத்த பொட்டாசியம் அயனிகளில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. அந்தக் கணக்கு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் விழிக்கிறது. அவர்கள் ஆராய்ந்தது பேசிலஸ் சப்டிலிஸ். ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு உறவான நல்ல பாக்டீரியா. நம் விவசாயிகள் வேரழுகலுக்கு எதிராக வாங்கும் உயிர்ப் பூஞ்சாணக்கொல்லிப் பொடிகளிலும் இருப்பதுதான். அந்தப் பொடி மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் இதே ஸ்போர்தான் காரணம்.

ஆந்த்ராக்ஸ் ஸ்போர் விழிக்கும் இடம் ஆட்டின் உடம்பு. கோடை முடிவில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் புல் வேர்வரை கரம்பப்பட்டு, ஆடு மண்ணோடு சேர்த்து மேயும்போது ஸ்போரும் உள்ளே போகிறது. உடலின் சூடும் அமினோ அமிலங்களும் கிடைத்ததும் முளைத்துப் பெருகுகிறது.

"புதைத்துவிட்டால் தீர்ந்தது" என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. எப்படிப் புதைத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடலைத் திறக்காமல் விட்டால், உள்ளேயே அழுகும்போது பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துவிடும். தோலுக்காக உரித்தாலோ, கறிக்காக அறுத்தாலோ, சிந்தும் ரத்தத்திலுள்ள பாக்டீரியா ஸ்போராகி மண்ணில் தங்கிவிடும். மேலாகப் புதைத்த குழியை நாய் கிளறும், மழை அரிக்கும். மண்புழுக்கள்கூட ஸ்போரை மேலே கொண்டுவரும் என்று லூயி பாஸ்டர் 1880-லேயே எழுதினார். இதனால்தான் ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்யாமல், காதின் ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுக்கிறார்கள்.

"நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது" என்பதும் ஆபத்தான பேச்சு. வேகவைக்கும் முன்பே, அறுக்கும் கையில் சிறு கீறல் இருந்தாலே நோய் தொற்றக்கூடும்.

நோய் கண்ட ஊர்களில் ஆண்டுக்கொரு தடுப்பூசி ஆடுமாடுகளைக் காக்கும். ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் அந்த ஊசியில் இருப்பதும் வீரியம் குறைக்கப்பட்ட ஸ்போர்தான்.

ஆடோ மாடோ திடீரென்று செத்தால் கத்தியை எடுக்காதீர்கள். நாயை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள்.