வெப்பம் தாங்கும் பசுவினம்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்னும் பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு இந்தியரின் மாட்டு வணிகம் செழித்தது. நீரும் சதுப்பு நிலமும் அருகிலிருந்தது அதற்கு ஒரு காரணம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. ஆகவே நீரிலும் சேற்றிலும் கிடந்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

திமிலுடைய இந்திய மாடுகளுக்கோ வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, மயிர் குட்டையானது, உடலில் உண்டாகும் வெப்பமும் குறைவு. இவை பரம்பரைப் பண்புகள். குளிர்நாட்டு ஃபிரீசியன் பசு மிகுந்த பால் தரும். எனினும் வெயிலில் மூச்சிரைக்கும், தீனி குறையும், பால் குறையும், சினைபிடிப்பதும் தடைப்படும்.

கன்று தன் மரபணுக்களைத் தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியுமாகப் பெறுகிறது. சாகிவால் பசுவுக்கும் ஃபிரீசியன் காளைக்கும் பிறந்த கிடாரி பாதிக்குப் பாதிக் கலப்பாகும். அதனை மீண்டும் ஃபிரீசியனுடன் சேர்த்தால், பிறக்கும் கன்றில் முக்கால் பங்கு குளிர்நாட்டு இனமாகிவிடும். வெப்பம் தாங்கும் ஆற்றல் குன்றும். இதனைக் கருதியே மலேசியாவில் இவ்விரு இனங்களையும் கலந்து மாஃப்ரிவால் இனம் உருவாக்கப்பட்டது.

கரிபியன் பகுதியின் செனபோல் மாடுகளுக்குக் குட்டை மயிரைத் தரும் மரபணு மாற்றம் 2014இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவருள் ஒன்றிடமிருந்து வந்தாலே அப்பண்பு கன்றில் தோன்றும்.

ஆகவே, தோட்டத்தில் பசு வளர்ப்போர் சினையூசி போடுமுன் காளையின் இனத்தைக் கேட்டறிதல் வேண்டும். கலப்புப் பசுவுக்குக் கலப்புக் காளையே ஏற்றது. நிழலும் தண்ணீரும் எவ்வினத்துக்கும் இன்றியமையாதவை.