ஆபரேஷன் யாருக்கு? கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



காவிரிக் கரையில் கொடிக்காலும் வாழையும் வைத்துப் பாடுபடும் பரமத்தி வேலூர் வட்டாரத்தில், அளவான குடும்பத்தின் அருமையை இன்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஆனால் "இனிப் போதும்" என்று முடிவு செய்த பிறகு ஒரு கேள்வி இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்வது யார்?

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. "அவதான் பண்ணிக்குவா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் 100க்குச் சுமார் 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் 100க்குச் சுமார் 58 பேர். கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ நாடு முழுவதும் 1000க்கு மூன்றுதான்!

முன்பும் இப்படித்தான் இருந்ததா? இல்லை.

கொள்கை மாறியது, வழக்கம் மாறியது

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே இந்தியா தொடங்கியது. அக்காலத்தில் ஆண்களே அதிகமாக முன்வந்தார்கள். ஆணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சிறிய இடத்திலும் செய்யலாம் என்பதே காரணம். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. இத்தனை பேரைப் பிடித்து வர வேண்டும் என்று ஊழியர்களுக்குக் கணக்கு வைக்கப்பட்டது. வடமாநிலங்கள் பலவற்றில் ஆண்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1976-77 ஒரே ஆண்டில் நாட்டில் சுமார் 82 லட்சம் ஆபரேஷன்கள் நடந்தன. அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. ஜனங்கள் மனம் கசந்து போனார்கள். அடுத்த ஆண்டில் ஆண்கள் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே விழுந்தது.

1977இல் திட்டத்தின் பெயர் "குடும்ப நலம்" என மாறியது. ஆனால் ஆண்களிடம் போய்ப் பேசவே தயக்கம் வந்துவிட்டது. பிரசவத்துக்கு வரும் தாயிடம் சொல்வது சுலபமாக இருந்தது. இப்படியே முழுப் பாரமும் பெண் மேல் இறங்கியது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அவர்களில் பலர் உயிரிழந்தார்கள். இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கிடையே, 1996இல் மேலிருந்து இலக்கு வைக்கும் முறையை மத்திய அரசு கைவிட்டது. விருப்பமே அடிப்படை என்பதை 2000ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைக் கொள்கையும் உறுதி செய்தது. ஆகவே இன்று உங்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. முடிவு உங்கள் கையில்.

டில்லியில் எழுதும் கொள்கை, நம் வீட்டில் யார் உடம்பில் கத்தி படும் என்பதுவரை வந்து சேர்கிறது. பக்கத்து நாடான பூட்டானைப் பாருங்கள். 2010 கணக்கெடுப்பில், அங்கே பெண்களைவிட ஆண்களே அதிகமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே இது ஆண்களால் ஆகாத காரியம் அல்ல.

நீங்கள் கேட்பவை

"ஏங்க, ஆபரேஷன் பண்ணினா வாழைத்தார் தூக்க முடியுமுங்களா? ஏணி ஏற முடியுமுங்களா?"
தாராளமாக முடியும். இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். ஒரு வாரம் பாரம் தூக்காமலும் சைக்கிள் ஓட்டாமலும் இருங்கள். பிறகு எப்போதும்போல் வேலை செய்யலாம்.

"ஆண்மை போயிருமுங்களா?"
போகாது. உயிரணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். ஆண்மைக்கான சுரப்பு இரத்தத்தில் கலந்து போவது. அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லை. ஆசையும் பலமும் அப்படியே இருக்கும்.

"கத்தி வைப்பாங்களா?"
இப்போதுள்ள முறை "தழும்பில்லாத வாசக்டமி". 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கியது. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியாகச் செய்வார்கள். தையல் இல்லை. கால் மணி நேரத்தில் முடியும். அன்றே வீடு திரும்பலாம்.

"அன்னிக்கிருந்தே கவலை இல்லீங்களா?"
இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். குழாயில் மீதமுள்ள உயிரணு வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத் போடுங்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே நிம்மதியாக இருங்கள். இல்லாவிட்டால் மனைவி கர்ப்பமாகி, வீணான சந்தேகத்தால் குடும்பமே சிதறலாம். பால்வினை நோயையும் எய்ட்ஸையும் இந்த ஆபரேஷன் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

"யாரு பண்ணிக்கலாமுங்க?"
மணமாகி, 60 வயதுக்கு உட்பட்டு, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது உள்ளவர். டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்வார். இது நிரந்தர முறை. மறுபடி குழந்தை வேண்டுமோ என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் பொறுத்திருங்கள். ஊசி, மாத்திரை, காப்பர்-டி, நிரோத் என வேறு வழிகள் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், வீக்கம், சீழ் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கணவன்மார்களே! பத்து மாதம் சுமந்தவள் அவள். பிரசவ வலி கண்டவள் அவள். இந்தக் கால் மணி நேரத்தையாவது நீங்கள் ஏற்கக் கூடாதா?

சகோதரிகளே! பிரசவத்தோடு செய்துகொள்வது உங்களுக்கு வசதி என்றால் அதுவும் நல்ல முறைதான். ஆனால் கணவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். "பொம்பளைதான் பண்ணிக்கோணும்" என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

இருவர் பேசி எடுக்கும் முடிவே இல்லத்தின் நலம்!