பேறுகால விடுப்பில் தவணைக் கடன்: கையைக் கடிக்காமல் சமாளிக்க

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் ஸ்கேன், மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். வீட்டுக் கடன், வண்டிக் கடன், கார்டு பாக்கிக்கு யாரும் பட்டியல் போடுவதில்லை. சம்பளம் குறைந்தாலும் தவணைத் தேதி நகராது. இந்தக் குறிப்புகள் தனியார் வேலையில் இருக்கும் பெண்களை நினைத்து எழுதியவை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதச் சம்பள விடுப்பு இருப்பதால், அவர்கள் ஐந்தாம் குறிப்பிலிருந்து படித்தால் போதும்.

1. விடுப்பில் கைக்கு வரப்போவது எவ்வளவு என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2017இல் வந்த சட்டத் திருத்தத்தால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் கிடைக்கிறது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிதான் கணக்கு. ஓவர்டைம் அதில் சேராது. மாதாமாதம் ஓவர்டைம் பணத்தில் தவணை கட்டி வந்தவர்களுக்கு இங்கேதான் துண்டு விழும்.

2. பணம் எப்போது வரும் என்பதையும் கேளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய விடுப்புக்கான தொகையை முன்கூட்டியே தர வேண்டும்; மீதியை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றுதான் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் சொல்லியது. நடைமுறையில் பல நிறுவனங்கள் மாதச் சம்பளம் போலவே பிரித்துப் போடுகின்றன. உங்களுக்கு எது வசதி என்று பேசிப் பாருங்கள். மொத்தமாக வந்தால் அதில் ஆறு மாதத் தவணையை வேறொரு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். கண்ணில் படுகிற பணம் தொட்டிலும் கொலுசுமாக மாறிவிடும்.

3. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, இந்தப் பணத்தை அலுவலகம் தராது, இ.எஸ்.ஐ. தரும். 26 வாரத்துக்கும் சராசரிக் கூலி முழுதாகவே கிடைக்கும். ஆனால் அது சம்பளத் தேதி பார்த்து வராது. சான்றிதழும் படிவமும் கொடுத்த பிறகே கணக்கில் ஏறும். ஆதார், வங்கிக் கணக்கு எண், பெயரின் எழுத்து எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று ஏழாம் மாதத்துக்குள் சரிபாருங்கள். முதல் மாதத் தவணைக்கான பணம் மட்டும் முன்பே கையில் இருக்கட்டும்.

4. பெரிய பள்ளம் விடுப்பில் இல்லை, விடுப்பு முடிந்த பிறகு இருக்கிறது. 26 வாரம் முடிந்த அன்று எத்தனை பேரால் வேலைக்குத் திரும்ப முடிகிறது? பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பாக நீளும். அந்த மாதங்களுக்கான தவணையைத்தான் இப்போதே சேர்க்க வேண்டும். மூன்று மாதத் தவணையைக் கூட்டி, விடுப்புக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ அதால் வகுத்தால் மாதம் எவ்வளவு எடுத்துவைப்பது என்று தெரிந்துவிடும்.

5. உங்கள் பெயரில் இருக்கும் கடன் எல்லாம் உங்கள் கடன்தானா என்று பாருங்கள். சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதால் கணவரின் பைக், கொழுந்தனாரின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் மருமகள் பெயரில் வாங்கிய கடனாக இருக்கும். விடுப்புக் காலத்தில் அவற்றை யார் கட்டுவது என்று வளைகாப்புக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிறகு பேசினால், பிள்ளை பெற்றவளிடம் பணக் கணக்கா என்று பேச்சு திசை மாறிவிடும்.

6. பணம் போதாதபோது எதை முதலில் கட்டுவது? வட்டி அதிகமுள்ளதை முதலில் முடிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. ஐம்பதாயிரம் பாக்கிக்கு மாத வட்டி மட்டும் 1,750 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிக்கொண்டு போவது கடனைக் கட்டுவதே ஆகாது. நகையை வங்கியில் அடகு வைத்தாவது கார்டு பாக்கியை முடித்துவிடலாம். நகைக்கடன் வட்டி அதில் கால்வாசி அளவுதான் இருக்கும். நகையை அடகு வைக்க மனம் வராதுதான். ஆனால் பீரோவில் இருக்கும் சங்கிலி வட்டி கட்டாது. மற்ற தவணைகளில் எதையும் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும்.

7. தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போவதற்கும், தவறும் முன்பே போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை, எல்லோருக்கும் கிடைத்த தவணைத் தள்ளிவைப்பு பேறுகாலத்துக்குத் தானாகக் கிடைக்காது. வங்கி மனம் வைத்தால்தான் உண்டு. விடுப்புக் கடிதம், டாக்டர் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் வைத்து இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்குங்கள்.

தள்ளிவைப்பு கிடைத்தாலும் கணக்குப் பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள். 10 லட்சம் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் தவணை 10,143 ரூபாய். மொத்தம் 180 தவணை. கடனின் தொடக்கத்திலேயே மூன்று மாதம் நிறுத்தினால், அந்த வட்டி அசலோடு சேர்ந்து, அதே தவணையில் கடன் முடிய 189 தவணை ஆகிவிடும். மூன்றை நிறுத்தியதற்கு ஒன்பது கூடுதல்! முடிந்தால் அந்த மாதங்களில் வட்டியை மட்டும், அதாவது சுமார் 7,500 ரூபாயை, கட்டுவதாகக் கேளுங்கள். அசல் அப்படியே நிற்கும். கடன் மறுசீரமைப்பு என்றால் சிபில் அறிக்கையில் பதிவாகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது இன்னொரு வழி. மேலே சொன்ன கடனை 20 ஆண்டாக்கினால் தவணை 8,997. மாதம் மிச்சமாவது 1,146 ரூபாய்தான். மொத்த வட்டியோ மூன்றேகால் லட்சத்துக்கு மேல் கூடும். எனக்கு இது கட்டுப்படியான பேரமாகத் தெரியவில்லை. வேறு வழியில்லை என்றால் நீட்டுங்கள். வேலைக்குத் திரும்பியதும் தவணையைப் பழையபடி உயர்த்தக் கேளுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

9. சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி என்றால், தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் கடன் கொடுத்தவரும் கட்டணம் போடுவார், உங்கள் வங்கியும் போடும்.

10. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள், வங்கிக் கடிதங்கள் புகுந்த வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம். எந்தக் கடன், எந்தத் தேதி, எந்தக் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓ.டி.பி. வரும் போன் உங்களிடமே இருக்கட்டும்.

11. வாரத் தவணைக் குழுக் கடன் இருந்தால், குழுத் தலைவியிடம் முன்பே சொல்லி, உங்கள் பணத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கட்ட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த சுற்றுக் கடனைப் பிரசவச் செலவுக்கு என்று தூக்கிக் கொடுப்பார்கள். பழைய கடன் முடியாமல் வாங்காதீர்கள்.

12. அரசுத் திட்டப் பணத்தைத் தவணைக்கு நம்பாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தகுதி இருந்தால் சீக்கிரமே கிராம செவிலியரிடம் பதிந்து ‘பிக்மி’ எண் வாங்குங்கள். பணம் தவணை தவணையாகத்தான் வரும், அது உங்கள் சாப்பாட்டுக்கு. வளைகாப்பு மொய்ப் பணமோ தாராளமாகக் கார்டு பாக்கிக்குப் போகலாம்.

13. வசூலுக்கு ஆள் வந்தால் பயப்பட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக் கடன் போன்ற நுண்கடன்களுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று 14448 எண்ணில் கேட்கலாம். யார் வந்தார்கள், என்ன தேதி, எத்தனை மணி என்று அன்றே குறித்துவைத்தால் புகார் எழுதும்போது உதவும்.