அந்நிய நாடுகளுக்கு ஏற்ற மிளகாய் வற்றல்

இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி முதலிய தாலுகாக்களில் மானாவாரியாகச் சாகுபடியாகும் குண்டு மிளகாய் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 2023-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இனி அந்நிய நாடுகளில் நல்ல கிரயம் கிடைக்குமென்று குடியானவர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும், பெயரானது வாங்குவோரை அழைத்து வருமேயன்றிச் சரக்கைத் துறைமுகம் கடத்திவிடாது. சரக்கு ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் பெரும்பாலும் குடியானவரின் களத்திலேயே தீர்மானமாகின்றன.

சரக்குத் தள்ளப்படுவதேன்?

ஈரம் நீங்காத வற்றலில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றி, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாது. சமையல் வெப்பத்திலும் முற்றும் நீங்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் வாசனைப் பொருள்களில் இந்நஞ்சின் பி1 என்னும் கொடிய வகையைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரையிலும், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம் வரையிலுமே அனுமதிக்கின்றன. அதாவது 1,000 கிலோ வற்றலில் பி1 நஞ்சு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இது ஒரு சிட்டிகை உப்பினும் மிகக் குறைவு. ஆகவே, நூறு மூட்டைகளில் ஒரு சில பூஞ்சணம் பிடித்திருப்பினும் சரக்கு முழுவதும் தள்ளுபடியாகக் கூடும்.

கலப்படமும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும். மிளகாய்ப் பொடியில் சூடான் என்னும் சாயம் கலந்திருந்தது 2003-ல் ஐரோப்பாவில் வெளிப்பட்டது. 2005-ல் பிரிட்டனில் அச்சாயம் கலந்த நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சிலர் செய்த பிழையால் நம் நாட்டு மிளகாய் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று.

பறித்தலும் உலர்த்தலும்

1. நன்கு பழுத்த பழங்களையே பறிக்க வேண்டும். அழுகல், பூச்சிக்கடி, வெளிறிய சோடை ஆகியவற்றைக் களத்துக்குக் கொண்டு செல்லுமுன்பே பிரித்து விடுக.

2. வெறுந்தரையில் பரப்பலாகாது. சிமெண்டுக் களத்திலோ, சுத்தமான தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஆடு, மாடு, கோழி, நாய் அணுகாதபடி வேலி அவசியம்.

3. மாலையில் குவித்து மூடிவைத்து, காலையில் பனி நீங்கியபின் மறுபடியும் பரப்புக. இரவுப் பனியில் நனைந்த வற்றலில் பூஞ்சணம் எளிதில் பற்றும்.

4. ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்துக. குலுக்கினால் உள்ளே விதை கலகலவென ஒலிப்பது நல்ல அடையாளமே. எனினும் ஈரமானிக் கருவியால் அளந்தறிதலே உறுதி.

5. மூட்டை கட்டும்போது, வற்றல் உடையாதிருக்கவும் எடை கூடவும் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். பதினைந்து நாள் வெயிலில் பட்ட பாடு அரைக்குடம் தண்ணீரில் வீணாகிவிடும்.

6. புதிய சாக்குகளையே உபயோகித்து, அவற்றைச் சுவரை ஒட்டாமல் மரச் சட்டங்களின்மேல் அடுக்குக. உரமோ பூச்சிமருந்தோ இருந்த பைகள் கூடா.

பூச்சிமருந்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. தனி அளவு விதிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமையே பொது எல்லையாக வைத்துள்ளது. மருந்தின் பெயர், தெளித்த தேதி, பறித்த தேதி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்கள் கழியுமுன் பறிக்கலாகாது.

கூடி விற்றல்

கமிஷன் மண்டியில் பலருடைய வற்றலும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், கவனமாக உலர்த்தியவருக்கும் அசட்டையாக உலர்த்தியவருக்கும் ஏறக்குறைய ஒரே கிரயமே கிடைக்கிறது. இக்குறை நீங்க ஒரே முறையைக் கையாளும் விவசாயிகள் ஒன்றுசேர வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒவ்வொருவர் மூட்டைக்கும் தனி எண் இட்டால், குறை காணும்போது அது எக்களத்தில் நேர்ந்தது என்று அறியலாம். மற்றவர் நஷ்டப்படாமலும் தடுக்கலாம்.

அக்கம்பெனி நேரே ஏற்றுமதி செய்ய விரும்பினால், வெளிநாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் ஆகியவற்றை முன்னதாகவே பெற வேண்டும். சரக்கு புறப்படுமுன், இறக்குமதி செய்யும் நாட்டின் விதிப்படி தாவர நலச் சான்றும் பெறுக. வாரியத்துக்குச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் பரிசோதனைச்சாலைகள் உள்ளன. விலை பேசுமுன் மாதிரியைப் பரிசோதித்துக்கொள்வது, சரக்குத் திரும்பி வந்தபின் வருந்துவதினும் செலவு குறைந்தது. புவிசார் குறியீட்டுப் பெயரைப் பொதியில் இட விரும்புவோர், அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். வாங்குவோர் பணம் கொடாது போகும் அபாயத்துக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் காப்புறுதி உண்டு.

கிராம உத்தியோகஸ்தர்கள் பறிப்புக் காலத்துக்கு முன்பே குடியானவர்களைக் கூட்டி இவற்றை எடுத்துரைப்பதும், பொதுவான உலர்களம் ஒன்று அமைய முயல்வதும் பெரும் உபகாரமாகும். முதலாண்டிலேயே கப்பலேற்ற வேண்டுமென்ற அவசியமில்லை. தரமான வற்றலை ஒன்றுசேர்த்து, நம்பிக்கையுள்ள ஏற்றுமதி வியாபாரிக்குப் பரிசோதனைச் சான்றுடன் விற்பதே முதற்படி. அதில் தேறியவர்கள் அடுத்த படியில் அச்சமின்றிக் கால் வைக்கலாம்.