பழகிய கை

நுழையும்முன்

சினம் இயல்பாகத் தோன்றுவது. அதனைக் கையால் காட்டுவது பழக்கத்தால் வருவது. இளையோரின் கைகலப்பிற்கு வீடும் தெருவும் எவ்வாறு காரணமாகின்றன, அதனைத் தடுக்க அவையே எவ்வாறு துணைநிற்க இயலும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மாணவர் இருவருக்கிடையே வாய்ச்சொல் முற்றுகிறது. ஒருவர் விலகிச் செல்கிறார். மற்றவர் கை ஓங்குகிறார். வீட்டில் பல்லாண்டுகள் கண்டதும் தெருவில் கேட்டதும் அந்நொடியில் அவர்களை இயக்குகின்றன.

வீடு

'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழி இன்றும் பல வீடுகளில் வழங்குகிறது. அடிபடும் குழந்தை, தன் தவற்றை உணருமுன்பே வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 மழலையரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைக் கண்ட குழந்தைகளுள் பலர், தாமும் அவ்வாறே அடித்தனர். அமைதியாக விளையாடிய பெரியவரைக் கண்டோரிடம் அச்செயல் குறைவாகவே இருந்தது.

அடிபட்டு வந்த பிள்ளையிடம் 'நீ திருப்பி அடித்தாயா?' என்று கேட்கும் வீடும் உண்டு; 'என்ன நடந்தது?' என்று கேட்கும் வீடும் உண்டு. முதல் வினா மறுநாள் சண்டைக்கு வித்திடுகிறது. இரண்டாம் வினா பிள்ளையைச் சிந்திக்க வைக்கிறது.

தெரு

'நம் தெருப் பையன்மீது கை வைப்பதா?' என்னும் சொல், இருவர் பிணக்கை இரு தெருக்களின் பகையாக்கிவிடும். தெருக்கள் சாதியால் பிரிந்திருப்பின் கேடு பெரிதாகிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், தம் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். அவருடைய தங்கையும் காயமுற்றார். அதன்பின் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிதல் கூடாது, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என 2024 ஜூனில் அக்குழு பரிந்துரைத்தது. பள்ளி அக்கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். அதனைக் கட்டிவிடும் வீடும் தெருவும் மனம் மாறினாலன்றிப் பகை நீங்காது.

காக்கும் அயலார்

தெருவே காவலாகவும் அமையும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 343 குடியிருப்புப் பகுதிகளைச் சேர்ந்த 8,782 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1997இல் வெளிவந்தது. அயலார் ஒருவரையொருவர் நம்பி, தவறு கண்டவிடத்துத் தலையிட முன்வரும் பகுதிகளில் வன்முறை குறைந்திருந்தது. வறுமையைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வுண்மை மாறவில்லை.

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை அடிவாரத்தில் 1947இல் மருத்துவர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகத்தில் 'சாந்தி சேனை' என்னும் மாணவர் அமைதிப்படை உருவாயிற்று. ஆயுதம் ஏந்தாத அப்படையினர் முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் போன்றவற்றில் பயிற்சி பெற்றனர். சண்டைக்குப் பழக்கம் வேண்டுவதுபோல் அமைதிக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

சண்டையைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் கூட்டமும் தெருவின் ஒரு பகுதியே. அக்கூட்டத்திலிருந்து ஒருவர் 'போதும், விடுங்கள்' என்று முன்வந்து கூறினால், ஓங்கிய கை தாழ்வதற்கு வழி பிறக்கும். அவ்வொருவர் மாணவராகவும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழி குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் தெருவில் பிணக்கைத் தீர்த்துவைக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் கையாளும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.